இழுக்கும் சக்தியும் நிறுத்தும் சக்தியும்

புதிதாக டிராக்டர் வாங்க எண்ணும் குடியானவர் எவரேனும் என்னிடம் யோசனை கேட்க வந்தால், அவர் முதலாவதாகக் கேட்கும் கேள்வி எப்பொழுதும் ஒன்றே. "எத்தனை டன் இழுக்கும்?" என்பதே அது. இக்கேள்விக்குப் பல ஆண்டுகளாக நானும் சலியாமல் பதில் சொல்லி வந்திருக்கிறேன். "அவ்வளவு பாரத்தோடு ஓடும்போது எத்தனை அடி தூரத்தில் நிற்கும்?" என்று இன்றுவரை என்னை ஒருவரும் கேட்டதில்லை. கேளாத குற்றம் அவர்களுடையது மாத்திரமன்று. கேளாமலே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டிய என்னுடைய குற்றமும் அதில் உண்டு. அக்குறையை இயன்றவரை தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற அரைவைப் பருவத்தில் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நிகழ்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கமுள்ள கரும்பு விவசாயி ஒருவர் புதிய டீசல் டிராக்டர் வாங்கினார். வாங்குமுன் அதை அவருடைய நிலத்திலேயே ஓட்டிக் காட்டியபோது உடனிருந்து, அதன் இழுவிசையை மெச்சிப் பேசியவன் நான். பழைய டிரெய்லரையே புதிய டிராக்டரில் மாட்டி, முன்னைவிட இரண்டு டன் அதிகமாகக் கரும்பேற்றி, அவருடைய மகன் ஆலைக்குப் புறப்பட்டான். ஏரிக்கரையின் ஏற்றத்தை வண்டி எளிதாக ஏறிற்று. மறுபுறம் இறங்கும்போது பின்னாலிருந்த பாரம் தள்ளத் தொடங்கியது. பையன் பிரேக்கை மிதித்தான். வயலில் திருப்புவதற்காகப் பிரித்து வைத்திருந்த இரண்டு பிரேக் மிதிகளும் பிரிந்தபடியே இருந்தன. அவன் கால் பட்டது ஒன்றில் மாத்திரம். டிராக்டர் ஒரு பக்கமாகச் சுழன்று திரும்ப, டிரெய்லர் அதைத் தள்ளிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் கவிழ்த்தது. மட்கார்டின்மேல் உட்கார்ந்திருந்த உறவுக்காரச் சிறுவன் ஒருவன் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கச் சென்றபோது அக்குடியானவர் என்மேல் கோபப்படவில்லை. "ஐயா, தாங்கள் சொன்னபடி அது நன்றாகத்தான் இழுத்தது" என்று மாத்திரம் சொன்னார். கோபித்திருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திராது.

மாடு மறுத்தது; எஞ்சின் மறுப்பதில்லை

நம் முன்னோர்கள் மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியபோது அவர்களுக்கு எல்லை வகுத்துக் கொடுத்தது மாடே. பாரம் மிஞ்சினால் மாடு மூச்சுத் திணறும், முழங்காலிடும், அல்லது எவ்வளவு அதட்டினாலும் அடியெடுத்து வைக்காது. வண்டிக்காரன் இறங்கி நாலு மூட்டையை இறக்கி வைப்பான். அந்த மறுப்பு ஒரு பெரிய பாதுகாப்பாக இருந்தது என்பதை மாடு போன பிறகே நாம் உணரவேண்டியவர்களாக இருக்கிறோம்.

டீசல் எஞ்சினுக்கு அந்தக் குணம் இல்லை. மிகுந்த அழுத்தத்தினால் சூடேறிய காற்றில் எண்ணெயைத் தெளித்து எரியச் செய்வது அதன் முறை. அது குறைந்த சுற்றிலேயே மிகுந்த முறுக்கு விசையைத் தருகிறது. கியர்ப் பெட்டியிலுள்ள பற்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்து அவ்விசையைப் பன்மடங்காக்கிப் பின் சக்கரங்களுக்கு அனுப்புகின்றன. ஆகவே தன் எடையைப்போல் நான்கு மடங்கு, ஐந்து மடங்கு பாரத்தையும் சமதரையில் அது முதல் கியரில் பெயர்த்துவிடும். பெயர்த்துவிட்டதைக் கண்ட ஓட்டுநர், "இதற்கு இந்தப் பாரம் தகும்" என்று தீர்மானிக்கிறார். இத்தீர்மானம் முழுவதும் தவறு. பாரத்தைப் பெயர்ப்பது எஞ்சினுடைய வேலை. நிறுத்துவதோ பிரேக், டயர், சாலை ஆகிய மூன்றும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை. முன்னதன் வலிமையைக் கொண்டு பின்னதை அளக்க முடியாது.

மயிலிறகேயானாலும் அளவு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியுமென்று திருவள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் சொல்லியிருப்பதை வாசகர்கள் அறிவார்கள். அக்காலத்து மரவச்சு முறிந்து எச்சரித்தது. இக்காலத்து இரும்பச்சோ எளிதில் முறிவதில்லை. மாடும் மறுக்காமல், அச்சும் முறியாமல் போன இந்நாளில், எல்லையை நாமே கணக்கிட்டு வகுத்துக்கொள்வதன்றி வேறு வழியில்லை.

ஒரு சிறு கணக்கு

சாதாரணமான டிராக்டர் ஒன்றின் எடை 2.2 டன் என்று கொள்வோம். அதன் பின் நான்கு சக்கர டிரெய்லர் ஒன்று; அதன் எடை 2 டன், கரும்பு 8 டன், ஆக 10 டன். டிரெய்லருக்குப் பிரேக் இல்லை. நம் டிராக்டர்கள் பெரும்பாலானவற்றில் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்கள் இரண்டில் மாத்திரமே. அவ்விரண்டின்மேல் அழுந்தும் எடை சுமார் 1.4 டன். உலர்ந்த நல்ல தார்ச் சாலையில் டயர் பிடிக்கும் பிடிப்பு, அதன்மேல் அழுந்தும் எடையில் பத்தில் ஏழு பங்கு என்று வைத்தால், நிறுத்துவதற்குக் கிடைக்கும் விசை ஏறக்குறைய 1 டன். நிறுத்தப்பட வேண்டிய மொத்தமோ 12.2 டன்.

இனி விளைவைப் பார்க்கலாம். கண் கண்டு கால் மிதிக்க ஒரு வினாடி செல்லும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், டிராக்டர் மட்டும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது சுமார் 16 மீட்டரில் நிற்கும். மேற்சொன்ன பாரத்தோடு அதே வேகத்தில் சென்றால் நிற்பதற்கு 50 மீட்டருக்கு மேல் வேண்டும். வேகத்தை 20 கிலோமீட்டராகக் குறைத்துக்கொண்டால் 25 மீட்டர் போதும். வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைய, நிற்கும் தூரம் பாதியாகக் குறைவதைக் கவனிக்கவும். ஓடும் பொருளின் வன்மை வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்வதே இதற்குக் காரணம். வேகம் இருமடங்கானால் வன்மை நான்கு மடங்காகும்.

இது சமதரைக் கணக்கு. 20 அடிக்கு 1 அடி வீதம் இறங்கும் சரிவில், 20 கிலோமீட்டர் வேகத்திலேயே நிற்பதற்கு 58 மீட்டர் ஆகிறது. 10 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவிலோ, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தாலும் அவ்வண்டி நிற்கவே நிற்காது. மிதித்த நிலையிலேயே வேகம் கூடிக்கொண்டு போகும். ஏரிக்கரையிலிருந்தும் வாய்க்கால் பாலத்திலிருந்தும் இறங்கும் எத்தனை பாதைகள் இந்தச் சரிவில் இருக்கின்றன என்பதை ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் எண்ணிப் பார்க்கட்டும்.

சக்கரங்கள் உருளுவதில் ஏற்படும் இயற்கையான தடையினால் இத்தூரங்கள் சிறிது குறையலாம். ஆனால் டயர் தேய்ந்திருந்தாலும், சாலையில் ஈரமோ சேறோ மணலோ கரும்புச் சோகையோ கிடந்தாலும், அந்த லாபத்தைப்போல் பல மடங்கு நஷ்டமாகிவிடும்.

முன்பாரமும் பின்பாரமும்

இரண்டு சக்கர டிரெய்லரில் நிலைமை சிறிது வேறு. அதன் பாரத்தில் ஒரு பங்கு கொக்கியின் வழியாக டிராக்டரின் பின்புறத்தில் இறங்குகிறது. இதனால் பின் சக்கரங்களின் பிடிப்பு அதிகப்படும், அது நன்மையே. ஆனால் அதே பாரம் டிராக்டரின் முன் சக்கரங்களைத் தரையிலிருந்து மேலே கிளப்பப் பார்க்கும். மேட்டில் ஏறும்போது முன் சக்கரங்கள் மிதக்க, ஸ்டீரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பாததைக் கண்டவர்கள் நம்மில் பலர் இருக்கக்கூடும்.

மாட்டு வண்டி ஓட்டிப் பழகிய பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தைக் கயிறு இறுக்கும். இரண்டுமின்றிப் பாரத்தைச் சமன் செய்து, சற்றே முன்பாரமாக விட்டு ஏற்றுவது வண்டிக்காரனுடைய திறமை. டிரெய்லருக்கும் விதி அதுவே. பின்பாரமாக ஏற்றிய இரு சக்கர டிரெய்லர் கொக்கியை மேலே தூக்கி, டிராக்டரின் பின் சக்கரங்களில் இருக்கும் கொஞ்சம் பிடிப்பையும் போக்கிவிடும். ஓடும்போது வால்போல இடமும் வலமும் ஆடவும் செய்யும். அளவு மிஞ்சிய முன்பாரமோ ஸ்டீரிங்கைப் பறித்துக்கொள்ளும். டிராக்டரின் முன்புறத்தில் மாட்டும் எடைக் கட்டிகளை வயல் வேலை முடிந்ததும் கழற்றிக் கொட்டகை மூலையில் போட்டுவிடுவது பலருடைய வழக்கம். அவை மிகவும் தேவைப்படுவது பாரமிழுக்கும்போதுதான்.

கொக்கி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதும் இத்துடன் சேர்ந்ததே. இழுக்கும் பாரத்தை, டிராக்டர் செய்தவர்கள் அதற்கென்று பொருத்தியிருக்கும் தாழ்ந்த கொக்கியிலேயே மாட்ட வேண்டும். வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டபோது, பின்னச்சின் மேற்புறத்திலோ கலப்பை மாட்டும் மேல் இணைப்பிலோ சங்கிலியைக் கட்டி இழுக்கிறார்கள். இது உயிருக்கு உலை வைக்கும் காரியம். அச்சுக்கு மேலேயுள்ள இடத்திலிருந்து பாரம் பின்னிழுக்க, பின் சக்கரங்கள் அசையாமல் நிற்க, எஞ்சினுடைய விசை முழுவதும் டிராக்டரின் முன்புறத்தையே தூக்கி ஓட்டுநர்மேல் கவிழ்க்கிறது. இவ்வாறு பின்புறமாகக் கவிழ்வதற்கு ஒன்றரை வினாடிக்கு மேல் ஆவதில்லை. கிளட்சை மிதிக்க வேண்டும் என்ற நினைவு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஸ்வீடன் தேசத்தில் 1959-ஆம் ஆண்டு முதற்கொண்டே புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் கட்டாயமாக்கப்பட்டது. நம் ஊர்களில் அதை வெயில் மறைக்கும் கூரைக்குக் கால் என்றே பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மெல்லிய குழாயில் செய்த கூரைக்கால் வேறு. டிராக்டரின் எடையைத் தாங்கும் சட்டம் வேறு. வாங்கும்போது இவ்வித்தியாசத்தைக் கேட்டறிய வேண்டும்.

இரண்டு மிதிகளும் ஒரு தாழ்ப்பாளும்

டிராக்டரில் இடப்புறச் சக்கரத்துக்கு ஒன்றும் வலப்புறச் சக்கரத்துக்கு ஒன்றுமாக இரண்டு பிரேக் மிதிகள் இருப்பது, வயலின் கோடியில் குறுகத் திருப்புவதற்காக. சாலையில் இவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைக்க அங்கேயே ஒரு சிறு தாழ்ப்பாள் பொருத்தப்பட்டிருக்கிறது. அதைப் போடுவதற்கு ஒரு வினாடி போதும்; பைசா செலவில்லை. மேலே சொன்ன சிறுவன் காலை இழந்ததற்கு அத்தாழ்ப்பாள் போடப்படாததே நேர்க் காரணம். வயலிலிருந்து சாலையில் ஏறும்போது இதைப் போடாமல் ஏறுவதில்லை என்று ஒவ்வொரு ஓட்டுநரும் கட்டுப்பாடு செய்துகொள்ள வேண்டும். போட்ட பிறகும், இரு பக்கமும் ஒரே அளவில் பிடிக்கின்றனவா என்று வெறும் வண்டியில் ஒருமுறை மிதித்துப் பார்ப்பது அவசியம். ஒரு பக்கம் முந்திப் பிடிக்குமானால் தாழ்ப்பாள் போட்டும் பயனில்லை.

சரிவில் இறங்கும் முறையைப் பற்றி ஒரு விதி உண்டு. எந்தக் கியரில் ஒரு மேட்டை ஏற வேண்டியிருக்குமோ அந்தக் கியரிலேயே அதை இறங்கவும் வேண்டும். இறங்கத் தொடங்குமுன் கியரை மாற்றிக்கொள்ள வேண்டுமேயன்றி, நடுச்சரிவில் மாற்ற முயலக்கூடாது. கியர் விழாவிட்டால் வண்டியைப் பிடிக்க எஞ்சினும் இல்லாமற் போகும். டீசலை மிச்சம் பிடிக்கக் கியரை நீக்கிவிட்டு நியூட்ரலில் இறங்கும் வழக்கம் சில ஓட்டுநர்களிடம் இருக்கிறது. அதனால் மிஞ்சும் டீசல் ஒரு கிண்ணம்கூட இராது. போவது எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், எஞ்சின் பிடிப்பதும் அதே இரண்டு பின் சக்கரங்களின் வழியாகத்தான் என்பதை மறக்கலாகாது. சக்கரங்களின் பிடிப்புக்கு மிஞ்சிய பாரத்தை எந்தக் கியரும் தாங்காது. ஆகவே மருந்து ஒன்றே: டிரெய்லருக்கும் பிரேக் வேண்டும்.

டிரெய்லர் பிரேக் என்பது புதுமையானதன்று. டிராக்டரிலிருந்து எண்ணெய் அழுத்தத்தாலோ காற்று அழுத்தத்தாலோ இயங்கும் பிரேக்குகள் உண்டு. இவையன்றி, டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும் விசையினாலேயே தானாகப் பிடித்துக்கொள்ளும் ஓவர்ரன் பிரேக் என்ற எளிய வகையும் உண்டு. ஆனால் நம் கிராமங்களில் ஓடும் டிரெய்லர்களில் பல, பக்கத்து ஊர்ப் பட்டறையில் பற்றவைத்துச் செய்யப்பட்டவை. அவற்றில் பலகைக்கும் வர்ணத்துக்கும் செலவிட்ட கவனத்தில் பாதியாவது பிரேக்குக்குச் செலவிடப்படவில்லை.

டிராக்டருக்குச் சொன்னது, இப்போது விவசாயிகள் விரும்பி வாங்கும் சிறு டீசல் பிக்கப் வண்டிகளுக்கும் பொருந்தும். அவை தம்மேல் பாரத்தைச் சுமப்பதற்காகச் செய்யப்பட்டவை. நான்கு சக்கரங்களிலும் பிரேக் இருப்பினும், அவை அவ்வண்டியின் சொந்த மொத்த எடைக்கென்றே அளவிடப்பட்டவை. பின்னால் ஒரு கொக்கியைப் பற்றவைத்துத் தண்ணீர்த் தொட்டியையோ கதிரடிக்கும் இயந்திரத்தையோ மாட்டி இழுப்பதற்குமுன், இழுக்கலாம் என்றும் இத்தனை எடை வரை என்றும் வண்டியுடன் கொடுத்த புத்தகத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் இழுக்கலாகாது.

பாரத்தின்மேல் மனிதர்

கரும்புக் கட்டுகளின்மேலும், நெல் மூட்டைகளின்மேலும், கொக்கிக் கட்டையின்மேலும், மட்கார்டின்மேலும் ஆட்களை ஏற்றிச் செல்வது நாடெங்கும் உள்ள வழக்கமாகிவிட்டது. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில், கோயிலுக்குச் சென்று திரும்பியவர்களை ஏற்றிவந்த டிராக்டர் டிரெய்லர் ஒன்று குளத்தில் கவிழ்ந்தது. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி அதே மாநிலத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில், கங்கையில் நீராடச் சென்றவர்களின் டிரெய்லரும் அவ்வாறே குளத்தில் விழுந்தது. ஒவ்வொன்றிலும் 20 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இவை வடநாட்டுச் செய்திகள் என்று தள்ளிவிடலாகாது. நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களை டிரெய்லரில் நிற்க வைத்து அழைத்துச் செல்லும் காட்சியை நம் சாலைகளிலும் காண்கிறோம்.

பாரம் ஏற்றுவதற்கென்று பதிவு செய்யப்பட்ட டிரெய்லரில் ஆளை ஏற்றி, விபத்து நேர்ந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பை மறுப்பதற்கு அதுவே முதற் காரணமாகும். நஷ்ட ஈட்டுச் சுமை வண்டியின் சொந்தக்காரர்மேல் விழும்போது, நிலத்தை விற்றும் தீராத நிலை ஏற்படலாம். நிலம் வைத்திருப்பவர்கள் இதைத் தங்கள் சுயநலத்தை முன்னிட்டாவது யோசிக்க வேண்டும்.

ஆட்சேபங்கள்

இவ்வளவும் சொன்னால், குடியானவர்கள் இரண்டு ஆட்சேபங்களைச் சொல்வார்கள். இரண்டும் நியாயமானவையே, ஆகையால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலாவது: "பாரத்தைக் குறைத்தால் நடை அதிகமாகும், டீசலும் கூலியும் யார் கொடுப்பது?" என்பது. ஆலை 15 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறதென்று கொள்வோம். அதிகப்படியான ஒரு நடைக்குப் போக வர ஏழு, எட்டு லிட்டர் டீசலும் ஓட்டுநரின் கூலியும் ஆகலாம். இதற்கெதிராக, அளவு மிஞ்சிய பாரத்தினால் விரைவில் தேயும் கிளட்ச், வெடிக்கும் டயர், கியர்ப் பெட்டியின் பழுது ஆகியவற்றையும், அவை சரியாகும்வரை வண்டி நிற்கும் நாட்களையும் கணக்கில் வைக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கப்பட்டிருப்பதையும், மிஞ்சிய பாரத்தை இறக்கும் செலவும் வண்டிக்காரரையே சேர்வதையும் உடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பருவம் முழுவதும் மிச்சம் பிடித்த டீசல் ஒரே நாளில் போய்விடக்கூடும். இது பணத்தை மாத்திரம் பற்றிய கணக்கு. காலுக்கும் உயிருக்கும் விலை போட எனக்குத் தெரியாது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. "கூலியை டன் கணக்கில் கொடுக்கிறார்கள், வெட்டு உத்தரவு வந்தபின் கரும்பு காய்ந்து எடை குறையுமுன் ஆலைக்குச் சேர்க்க வேண்டும், ஆலை வாசலில் மணிக்கணக்காய்க் காத்துக் கிடக்க வேண்டும், இந்த நிலையில் நாங்கள் ஒரே நடையில் ஏற்றாமல் என்ன செய்வது?" என்கிறார்கள். இதை நான் மறுக்கவில்லை. அதிக பாரம் என்பது ஓட்டுநருடைய பேராசையால் மாத்திரம் விளைவதன்று. வாசலில் எட்டு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தவன், இரண்டாம் நடையை நினைத்தும் பார்க்க மாட்டான். ஆகையால் குடியானவரை மட்டும் கண்டித்து எழுதுவது நேர்மையாகாது என்பது என் அபிப்பிராயம்.

ஆலையில் எடை போடாமல் ஒரு வண்டியும் உள்ளே செல்வதில்லை. டிரெய்லரின் பதிவுச் சான்றிதழில் அது எத்தனை எடைக்கு அனுமதிக்கப்பட்டதென்று எழுதியிருக்கிறது. எடைச் சீட்டில் அது எத்தனை எடையோடு வந்ததென்று எழுதியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் சீட்டைப் பார்த்துப் பணம் கொடுக்கிறோம். வேறொன்றுக்கும் அதைப் பார்ப்பதில்லை. எடை மேடையில் இருப்பவர்கள் அளவு மிஞ்சிய வண்டிக்கு முதல் தடவை எச்சரிக்கையும், மறு தடவை வரிசையில் கடைசி இடமும் கொடுத்தால், ஒரு பருவத்துக்குள் வழக்கம் மாறிவிடும். அளவோடு ஏற்றி வருபவருக்கு வரிசையில் முந்திய இடம் கொடுப்பது அதைவிட நல்லது. ஏனெனில் குடியானவருக்குக் காலமே பணம். காத்திருக்கும் நேரம் குறைந்தால் இரண்டாம் நடைக்கு வழி பிறக்கும்.

செய்ய வேண்டுவன

மேற்சொன்னவற்றிலிருந்து நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே.

நிலமுடையவர்களுக்கு: டிராக்டர் வாங்கும்போது டிரெய்லரையும் உடன் நினைக்கவும். பிரேக் இல்லாத டிரெய்லரை இனி செய்விக்கவோ வாங்கவோ வேண்டாம். இருக்கும் டிரெய்லருக்குப் பிரேக் பொருத்தும்வரை, பாரத்தைப் பதிவு எடைக்கு உட்படுத்துவதுடன், வேகத்தை மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேற்படாமல் நிறுத்திக்கொள்ளவும். செங்குத்தான கரையிறக்கங்களை விட்டு, சுற்றாயிருந்தாலும் சமமான பாதையில் செல்லவும். ஓட்டுநருக்கு நடைக்கு இவ்வளவென்றோ நாளைக்கு இவ்வளவென்றோ கூலி கொடுக்கவும். டன்னுக்கு இவ்வளவென்று கொடுப்பது, அதிகம் ஏற்று என்று சொல்வதற்குச் சமானம்.

ஓட்டுநர்களுக்கு: புறப்படுமுன் மிதித் தாழ்ப்பாள், கொக்கி ஆணி, அந்த ஆணி கழன்று விழாதபடி மாட்டும் ஊசி, டயர்க் காற்று ஆகிய நான்கையும் பார்க்கவும். கொக்கி ஆணிக்குப் பதிலாக இரும்புக் கம்பித் துண்டைச் சொருகாதீர்கள். அத்துடன் ஒரு சங்கிலியையும் தளர்ச்சியாகப் பிணைத்துவிட்டால், ஆணி போனாலும் டிரெய்லர் தனியே ஓடாது. மேட்டில் நிறுத்த நேர்ந்தால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்காமல் இறங்கக்கூடாது. வண்டிக்காரனிடம் எப்போதும் இருந்த அக்கட்டை, டிராக்டர் வந்த பின் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. இரவில் பழுதாகிச் சாலையில் நின்ற டிரெய்லரின்மேல் மோதி இறந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் பலர். ஆகையால் பின்புறத்தில் சிவப்புப் பிரதிபலிப்பான்களும் எரியும் விளக்கும் இல்லாமல் பொழுது சாய்ந்தபின் புறப்பட வேண்டாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு, பொருத்திய பிரதிபலிப்பானையும் மறைத்துவிடும் என்பதைக் கவனிக்கவும்.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும்: தங்கள் எல்லைக்குள் பாரவண்டிகள் இறங்கும் கரைகள், பாலங்கள், வளைவுகள் எவையென்பது தங்களுக்கு நன்கு தெரியும். அரைவைப் பருவம் தொடங்குமுன் அவற்றை ஒரு பட்டியலாக எழுதி, சரிவைத் தணிக்கவும், ஓரத்தில் தடுப்புக்கல் நடவும், "கியரை மாற்று" என்று இறக்கத்துக்கு முன்னாலேயே பலகை வைக்கவும் உரியவர்களுக்கு எழுதலாம். பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று இது. விபத்துக்குப் பின் வந்து மகஜர் எழுதுவதைவிட, முன்னால் ஒரு கடிதம் எழுதுவது மேலானது.

என்னைப் போன்ற இலாகா ஊழியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டிராக்டர் செயல்விளக்கம் என்று ஊரைக் கூட்டி, அது மேட்டில் பாரத்தை இழுத்து ஏறுவதைக் காட்டி, கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். இனி அத்துடன் திரும்பக்கூடாது. அதே பாரத்தோடு சமதரையில் ஓட்டி, கோடு கிழித்து, பிரேக் மிதித்து, எத்தனை அடி தள்ளி நிற்கிறதென்று ஊரார் கண்முன்னே நாடாப் பிடித்து அளந்து காட்ட வேண்டும். முதலில் வெறும் டிராக்டர். பிறகு பாதிப் பாரம். பிறகு முழுப் பாரம். அந்த மூன்று கோடுகளையும் ஒருமுறை பார்த்த குடியானவருக்கு இக்கட்டுரை வேண்டியதில்லை.

நான் அவ்வாறு செய்யத் தொடங்கியிருக்கிறேன். முதல் விளக்கத்துக்கு அக்குடியானவரும் வந்திருந்தார். தம் மகனையும் அழைத்து வந்திருந்தார். முழுப் பாரத்தின் கோட்டை நாடாப் பிடித்து அளந்தபோது, நாடாவின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அந்தப் பையனே.